ஜெர்மன்காரியின் நீலம்

எங்கள் வீட்டு இரும்பு பீரோவில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. அதில் போடுவதற்கு ஒரு குண்டுகூட எங்களிடம் கிடையாது. என் வீட்டுக்காரர் அதை வைத்திருந்தது பார்ப்பதற்காக மட்டும்தான். யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். கல்யாணமான புதிதில் நானும் நம்பவில்லை. துப்பாக்கி இருக்கிற வீட்டில் பெண்ணைக் கொடுத்துவிட்டாரே என்று அப்பாவின் மேல் ஒரு வருடம் கோபமாக இருந்தேன்.

என் மாமனார் வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தவர். சொந்த நாட்டுக்குக் கப்பலேறிய துரை ஒருவர், கையெழுத்து, முத்திரை எல்லாம் முறையாக முடித்து, அதை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாமனாருக்குப் பிறகு உரிமம் என் வீட்டுக்காரர் பேருக்கு வந்தது. இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முன்னால் ஜெர்மனியில் செய்தது. அந்த மாதிரியில் கொஞ்சம்தான் செய்தார்களாம். அதிலும் இந்த மெருகோடு இன்றைக்குக் கிடைப்பது அரிதாம். "உங்க ஜெர்மன்காரி" என்றுதான் நான் அதைச் சொல்வேன். எனக்குப் புடவை எடுக்கப் போனால் பத்து நிமிடத்தில் கடையைவிட்டு வெளியே வந்து நிற்கிற மனிதர், ஜெர்மன்காரியை மடியில் வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் அசைய மாட்டார். எனக்குப் பொறாமை இருந்ததில்லை என்று சொன்னால் அது பொய்.

அவிநாசிக்குப் பக்கத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. கீழே முன்பக்கம் நான்கு நிட்டிங் மெஷின், பின்பக்கம் செக்கிங் மேஜைகள், மாடியில் வீடு. நிட்டிங் அவர் பொறுப்பு, செக்கிங் என் பொறுப்பு. சாயப்பட்டறையிலிருந்து திரும்பி வரும் துணியின் நிறம், ஆர்டர் கொடுத்தவர்கள் அனுப்பிய துண்டுத் துணியோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதை மட்டும் அவர் யாரிடமும் விட்டதில்லை. ஷேட் பார்ப்பது என்று அதற்குப் பேர். ஒரே சிவப்புக்குள் பதினேழு சிவப்பு இருக்கிறது என்பார். எனக்கு அப்போதெல்லாம் சிவப்பு என்றால் சிவப்புதான்.

அந்த வருடங்களில் கரண்ட் போவது தினப்படிச் சங்கதி. எங்கள் பகுதிக்கு மத்தியானத்தில் இரண்டு மணி நேரம். ஊரே அதைத் திட்டிக்கொண்டிருந்தது, நானும் திட்டினேன். ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால் என் வாழ்க்கையில் அமைதியாக உட்கார்ந்திருந்த நேரம் அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. மெஷின்கள் ஒவ்வொன்றாகச் சுற்றி அடங்கும். காலையிலிருந்து காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் நின்றதும் உடம்பு தரையைவிட்டுக் கொஞ்சம் மேலே எழும்பினாற்போல் இருக்கும். காற்றில் பறந்துகொண்டிருந்த பஞ்சு, கூரையில் இடையிடையே போட்டிருந்த ஃபைபர் ஷீட் வழியாக விழும் வெளிச்சத்தில், அவசரமே இல்லாமல் இறங்கும். ஆட்கள் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்கள். அவர் மாடிக்குப் போய் ஜெர்மன்காரி இருந்த மரப்பெட்டியை எடுத்துக்கொண்டு, கீழே ஆபீஸாக வைத்திருந்த கண்ணாடி அறைக்கு வருவார். நானும் காபி டம்ளரோடு போய் எதிரில் உட்காருவேன்.

முதலில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொள்வார். கட்டிங் வேஸ்ட்டில் நான் தைத்துக் கொடுத்ததுதான். விரலின் வேர்வை பட்டால் எஃகு கெட்டுவிடுமாம். வெறும் கையால் அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. என்னைத் தொடுவதற்கு இவ்வளவு ஜாக்கிரதை என்றைக்காவது காட்டியிருக்கிறீர்களா என்று ஒருநாள் கேட்டேன். சிரித்தாரே தவிர கையுறையைக் கழற்றவில்லை.

அது அப்படியொன்றும் பெரியதல்ல. அவர் கைக்குள் அடங்கிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் கருப்பு. வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பினால்தான் உள்ளேயிருந்து நீலம் எழுந்து வரும். விசையும் பக்கத்தில் இருந்த சின்னக் கொக்கியும் மட்டும் வைக்கோல் நிறம். பிடியின் இரண்டு பக்கமும் வால்நட் மரம். அதில் டீ-சர்ட் காலர் துணியில் இருப்பதுபோலப் பொடிப்பொடியாகக் கட்டம் செதுக்கியிருக்கும். ஒவ்வொரு உறுப்பிலும், யாரும் பார்க்கப்போகாத உள்மூலையில்கூட, ஒரே எண்ணைக் குத்தியிருந்தார்கள். ஒன்றுக்கென்றே ஒன்று செய்தது, மாற்றிப் போட்டதில்லை என்பதற்கு அடையாளம் அது. மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே ஒன்றுமில்லை என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டு விடுவார். எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் விழுகிற சத்தம்தான், ஆனால் அதைவிட மெதுவாக வரும்.

அந்த நீலத்தைப் பற்றி அவர் ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. அது சாயம் இல்லையாம். எஃகைக் கண்ணாடி மாதிரி தேய்த்து, வேண்டுமென்றே துருப்பிடிக்க விட்டு, வெந்நீரில் வேகவைத்து, எழும்பிய துருவைத் துடைத்துவிட்டு, மறுபடியும் துருப்பிடிக்க விட்டு, இப்படியே நாள்கணக்கில் செய்தால் கடைசியில் எஃகின் மேல் அந்த நீலம் நிற்குமாம். துருப்பிடிக்க வைத்ததற்குப் பேர் வேலைப்பாடென்றால் நம் வீட்டு கேட்டுக்கும் ஒரு மரப்பெட்டி செய்யச் சொல்லுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. சாயத்தில் பிழைக்கிற ஊரில் சாயமே இல்லாமல் ஒரு நிறம் நம்மிடம் இருக்கிறதே என்று மட்டும் சொன்னார். ஒருநாள் இருந்த நீலத் துண்டுத் துணிகளையெல்லாம் மேஜையில் பரப்பி அதோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். ஒன்றுகூடச் சேரவில்லை. அதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

சர்க்கரை அவர் கண்ணைத் தின்ன ஆரம்பித்ததை அந்த மத்தியானங்களில்தான் நான் கண்டுபிடித்தேன். துப்பாக்கியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கத் தொடங்கினார். பிறகு ஜன்னலோரம் போய் நின்றார். பிறகு ஒரே கண்ணால் பார்த்தார். டாக்டரிடம் போகச் சொல்லி நான் சண்டை போட்டு, கோயமுத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்குள் ஒரு கண் போயேவிட்டது. மற்றதில் ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார்கள். ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னதாக அவரைச் சேர்த்தோம்.

பூஜையைச் செய்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று ஆயுத பூஜையன்று காலையில் நான் மட்டும் பஸ் ஏறி வந்தேன். ஆட்கள் மெஷின்களை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, வாழைக்கன்று கட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் மெஷினில் ஆரம்பித்துக் கத்தரிக்கோல் வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். ஜெர்மன்காரிக்கு மட்டும் அவர் மரப்பெட்டியின் மேல் ஒரு பொட்டு வைத்து முடித்துவிடுவார். ஏன் என்று ஒருதரம் கேட்டதற்கு, அதற்கு அது போதும் என்றார். காரணம் சொல்லவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

அந்த வருடம் எனக்கு அது போதாது என்று பட்டது. அங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைக் கட்டிப் படுத்திருக்கிறார். அவர் கண் ஆசையாகப் பார்த்ததெல்லாம் இதைத்தான். இதற்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று நினைத்தேன். சாவி என்னிடம் இருந்தது. பீரோவைத் திறந்து, வெறும் கையால் அதை எடுத்து, தாம்பாளத்தில் வைத்தேன். சந்தனத்தில் பன்னீர் விட்டுக் குழைத்து, மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, குழலோரம் ஒன்று என்று மூன்று இடத்தில் வட்டமாக, தடிப்பாக வைத்தேன். நடுவில் குங்குமம். கற்பூரம் காட்டும்போது, இதைப் பார்க்கிற கண்ணை அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடு என்று வாய்விட்டுக் கேட்டேன். அவ்வளவு மனதோடு நான் சாமி கும்பிட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பூஜையில் வைத்ததைக் கம்பெனி மறுபடி திறக்கும்வரை யாரும் தொட மாட்டார்கள். பொட்டைக் கலைக்காமல் அப்படியே வெல்வெட்டில் படுக்கவைத்து, பெட்டியை மூடி, பீரோவில் வைத்துவிட்டு கோயமுத்தூர் பஸ்ஸைப் பிடித்தேன். லீவும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்துகொண்டதில் கம்பெனி நான்கு நாள் மூடியிருந்தது. அதற்கு மேலும் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் ஆகிவிட்டது.

திரும்பி வந்ததும் அவரைப் படுக்கவைத்துவிட்டுப் பொட்டைத் துடைக்கத் தனியாகப் பெட்டியைத் திறந்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஈரத்துணியால் தொட்டதும் செதிலாக உதிர்ந்தது. அடியில் நீலம் இல்லை. ரூபாய் நாணயம் அகலத்துக்கு மூன்று இடத்தில் செம்மண் நிறத்தில் துரு. அதற்குள் ஊசி குத்தினாற்போல் பொடிக் குழிகள். தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். துருவோடு ஓரத்தில் இருந்த நீலமும் கொஞ்சம் வந்தது. அதற்கு மேல் தொடப் பயந்து பெட்டியை மூடிவிட்டேன். பெட்டிமேல் ஒரு பொட்டோடு அவர் ஏன் நிறுத்திக்கொண்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆபரேஷனும் பலிக்கவில்லை. வெளிச்சம் தெரிந்தது, ஆள் நடமாடினால் நிழல் தெரிந்தது. அவ்வளவுதான். பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் கரண்ட் போனதும் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடி அறையில் பெட்டி மேஜைமேல் இருந்தது. கையுறையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மணி, எனக்கு நெழலாட்டத்தான் தெரியுது. நீ பாத்துச் சொல்லு. அப்படியே இருக்குதா?"

"அப்படியேதானுங்க இருக்குது" என்றேன்.

அது வாயில் வந்து விழுந்த பொய். இப்போதுதான் கண்ணைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறார், இதையும் எப்படிச் சொல்வது, ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன். ஒரு வாரம் போனது. எட்டு மாதம் போனது.

கரண்ட் போகும்போதெல்லாம் அவர் பெட்டியைத் திறப்பார். நான் சொல்ல வேண்டும். மேலே நடுவில் பார், இப்போது கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்புகிறேன், நீலம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்பார். அவர் கேட்கிற இடத்தில்தான் அந்த வட்டம் இருக்கும். நான் அதற்குப் பக்கத்தில், கெடாமல் இருந்த இடத்தைப் பார்த்துச் சொல்வேன். முதலில் ஏனோதானோவென்று சொன்னேன். அவர் விடவில்லை. என்ன நீலம், கத்தரிப்பூ சேர்ந்ததா, சாம்பல் சேர்ந்ததா என்று துருவினார். பதில் சொல்வதற்காக உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். அப்போதுதான் ஜெர்மன்காரியை நான் முதல்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

அது ஒரே நீலமாக இருந்ததில்லை. மழை மூட்டமான மத்தியானத்தில் மைக்கூட்டின் அடியில் தங்கிய மைபோல இருந்தது. வெயில் ஏறினால் விளிம்பில் ஒரு வெளிர்க்கோடு ஓடியது. குழலின் வளைவில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டே போய், வைக்கோல் நிற விசையில் நின்று, அங்கே கொஞ்சம் பொன்னாகிவிடும். பேர் தெரியாத யாரோ ஒருவர் எங்கேயோ குளிர் ஊரில் உட்கார்ந்து, தினமும் துடைத்து, தினமும் பார்த்து, இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று காத்திருந்திருக்கிறார். பஞ்சு இறங்கிக்கொண்டிருக்கும். வேப்பமரத்தடியில் யாரோ மெதுவாகப் பேசுவார்கள். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்துகொண்டே போகும். நான் சொன்ன நீலத்தை எல்லாம் அவர் பார்த்தார் என்றே எனக்குத் தோன்றும். சில நாள் நானே அந்த மூன்று வட்டங்களை மறந்துவிடுவேன். அவ்வளவு சுகமாக இருந்தது அந்தப் பொய்.

ஷேட் பார்க்கிற வேலையும் என்னிடம் வந்தது. துப்பாக்கியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் துணியின் நிறங்கள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. நான் சரியில்லை என்று திருப்பி அனுப்பிய ரோலைச் சாயப்பட்டறைக்காரர்களே ஒத்துக்கொண்டார்கள். என்னைவிட நீ நன்றாகப் பார்க்கிறாய் என்று அவர் எல்லாரிடமும் சொன்னார். அதைக் கேட்கும்போது மட்டும் நான் அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிடுவேன்.

உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய வருடம் அது. கண் தெரியாதவனுக்கு எதற்குத் துப்பாக்கி உரிமம் என்று அவரே முடிவெடுத்தார். போலீஸில் ஒப்படைத்தால் குடோனில் பழைய நாட்டுத் துப்பாக்கிகளோடு கிடந்து, ஒருநாள் உடைத்துவிடுவார்கள். அதை நினைத்தால் அவருக்குத் தாங்கவில்லை. குன்னூரில் ஓய்வுபெற்ற ராணுவ டாக்டர் ஒருவர் இருந்தார். உரிமத்தோடு பழைய துப்பாக்கிகளைச் சேர்த்துவைப்பவர். தேர்தல் வந்தால் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிட வேண்டும் என்பதால் முன்னொரு தேர்தல் சமயத்தில் கோயமுத்தூர் துப்பாக்கிக் கடை ஒன்றில் நாங்கள் இதைக் கொடுத்து வைத்திருந்தபோது பார்த்துவிட்டு, எப்போதாவது கொடுப்பதாக இருந்தால் எனக்குத்தான் என்று கடிதம் போட்டிருந்தார். அவருக்குப் போன் போடச் சொன்னார் என் வீட்டுக்காரர். விலைப் பேச்சே எழவில்லை. இதைக் கண்ணுள்ள ஒருவர் தினமும் எடுத்துப் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

மெருகு பழையபடி இருக்கிறதா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். என் வீட்டுக்காரர் போனில் சிரித்தபடி சொன்னார்: "எனக்குத் தெரியறதில்லீங்க டாக்டர். ஆனா என்ற சம்சாரம் தெனமும் பாக்கறா. ஒரு கீறல் இல்லீங்க." நான் எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். டாக்டர் வருவதற்கு நான்கு நாள் இருந்தது. நான்கு நாளும் சொல்லவில்லை. சொல்லாததற்கு ஒரு நியாயமும் இல்லை, பயம்தான்.

டாக்டர் மெலிந்த மனிதர். வந்ததும் கையைக் கழுவித் துடைத்து, தன்னுடைய கையுறையைப் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்திருந்தால் என் வீட்டுக்காரர் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார். பெட்டியைத் திறந்து, எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். முதல் வட்டத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் எப்படி நின்றுகொண்டிருந்தேனோ தெரியாது, அவருக்கு ஒரே பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது. அவர் முகத்தில் கோபமில்லை. சரி, நானும் சொல்லாமல் விட்டுவிடுகிறேன் என்று தீர்மானித்த முகம் அது.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கட்டினவரை நான் ஏமாற்றியது ஒன்று. முன்பின் பழகாத ஒருவரும் என்னோடு சேர்ந்து அவரை ஏமாற்றுவது வேறு.

"மாமா, அது கெட்டுப்போச்சுங்க" என்றேன். "மூணு எடத்துல துரு புடிச்சுப்போச்சுங்க. நாந்தான் ஆயுத பூசைக்குச் சந்தனம் வெச்சுப்போட்டனுங்க."

என் வீட்டுக்காரர் வலது கைக் கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். டாக்டர் துப்பாக்கியை அதில் வைத்தார். வெறும் விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். வட்டத்தில் விரல் நின்றது. அங்கேயே தேய்த்துப் பார்த்தார். அடுத்ததுக்குப் போனார். மூன்றையும் நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார்.

மேல்மெருகை முழுக்கத் தேய்த்தெடுத்துவிட்டுப் புதிதாக நீலம் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, அப்படிச் செய்து நான் வைத்துக்கொள்கிறேன் என்றார் டாக்டர். நல்ல மனதோடுதான் சொன்னார். வேண்டாம் என்றார் என் வீட்டுக்காரர். வித்தியாசம் தெரியாது என்கிறீர்களே, அதனால்தான் வேண்டாம். பொய்யான மெருகைப் பூசி அதை யாரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, அதற்குப் போலீஸ் குடோனே தேவலை என்றார். துருவோடு வைத்துக்கொள்ள மனமில்லாத டாக்டர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

கார் சத்தம் ஓயும்வரை அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், எனக்கு வாய்க்கென்ன குறைச்சல். அவர் கேட்டது இதைத்தான்:

"எட்டு மாசமா நீ எனக்குச் சொன்னதுல எதெது நெசம் அம்மணி?"

நீலம் நிஜம், மீதி இருக்கிற நீலமெல்லாம் நான் சொன்னதுபோலத்தான் இருக்கிறது என்றேன். தலையை ஆட்டினார். நம்பினதாகத் தெரியவில்லை.

கம்பெனியில் ஒருத்தி பார்த்து முடித்த துணியை இன்னொருத்தி மறுபடி பார்ப்பது வழக்கம். அடுத்த நாளிலிருந்து நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவர் அதைச் செய்தார். செக்கிங்கில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். நான் ஒரு ரோலைப் பார்த்து ஷேட் சரி என்று சொல்லிவிட்டு நகர்ந்ததும், அவளைக் கூப்பிட்டு அதே துணியைக் காட்டுவார். அவள், "சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி, அக்கா பாத்துட்டாவள்லா" என்று என்னைச் சங்கடமாகப் பார்ப்பாள். சாப்பாட்டுத் தட்டில் என்ன பொரியல் என்று என்னைக் கேட்டுவிட்டு, விரலால் தொட்டுப் பார்ப்பார். வெளியே வெயிலா, மூட்டமா என்று கேட்டுவிட்டு, வாசலுக்குப் போய்க் கையை நீட்டிப் பார்ப்பார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. வேணுமென்று செய்தாரா, அவரையறியாமல் செய்தாரா என்றும் தெரியவில்லை. அந்த மூன்று வாரத்தில் நான் அழுததுபோல எங்கள் அப்பா செத்தபோதுகூட அழவில்லை. அவருக்கு இருந்தது என் கண் மட்டும்தான். அதை நானே கெடுத்துவைத்துவிட்டேன்.

கரண்ட் போகிற நேரத்தில் பெட்டி கீழே வருவது நின்றுபோனது. இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம்.

ஒப்படைக்கிற நாளில் நான்தான் அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். காலை பதினொரு மணி இருக்கும். ரைட்டர் மேஜையில் பெட்டியை வைத்தோம். உரிமப் புத்தகத்தைப் பார்த்து அவர் ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் எழுதினார். வகை எழுதினார், எண்ணைப் படித்து எழுதினார், எந்த நாட்டில் செய்தது என்று எழுதினார். துரு இருக்கிற இடங்களை எழுத வேண்டும், மூன்றா என்று கேட்டார். "மூணுதானுங்க" என்று என் வீட்டுக்காரர் நான் வாய் திறப்பதற்கு முன்னால் சொன்னார். அது அவர் விரலால் அறிந்தது.

ரைட்டர் பெட்டியை மூடப் போகும்போது, ஒரு நிமிடம் என்றார் இவர். என் பக்கம் திரும்பினார்.

"கடைசியா ஒருதரம் சொல்லு அம்மணி. என்ன நெறமா இருக்குது?"

மேஜைக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. குனிந்து பார்த்தேன். இந்தத் தடவை மூன்று வட்டத்திலிருந்தும் ஆரம்பித்தேன். செம்மண் நிறம், உள்ளே குழி, ஓரம் நான் தேய்த்ததில் வெளுத்திருக்கிறது என்றேன். அதைத் தாண்டி மீதியெல்லாம் நீலமுங்க, விளிம்புல வெளிர்க்கோடு ஓடுதுங்க என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, நான் பயந்ததுபோலவே, ரைட்டர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, நீங்க என்ன நெறமுன்னு எழுதியிருக்கறீங்க?"

"கருப்பு" என்றார் ரைட்டர், தலையைத் தூக்காமலே.

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எட்டு மாதம் பொய் சொன்னவளுக்கு எதிரே அரசாங்கப் பதிவேட்டில் ஒரு சொல். எதை நம்புவார் என்று எனக்குத் தெரியாதா என்ன.

"அதை அடிச்சுப்போட்டு நீலமுன்னு எழுதிக்குங்க" என்றார்.

ரைட்டர் நிமிர்ந்து இவர் கண்ணைப் பார்த்தார், பிறகு துப்பாக்கியைப் பார்த்தார். "கருப்பாத்தாங்க இருக்கு. நான் பாத்துத்தான எழுதறேன்."

"நீலந்தானுங்க" என்றார் அவர். "என்ற சம்சாரம் பாத்துப்போட்டா."